ஊர் ஆலோசனை மையத்தில் தன்னார்வலராகச் சேர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் இலவச மக்கள் ஆலோசனை மையங்களில் வேலை செய்ய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். ஊருக்கு ஊர் நடைமுறை கொஞ்சம் மாறும். அடிப்படை எங்கும் ஒன்றுதான்.

மையத்துக்கு யார் வருகிறார்கள்? எதற்கு?

திருப்பூரிலும் அவிநாசியிலும் பனியன் கம்பெனி வேலையை விட்டவர்கள் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்துக்காக வருவார்கள். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் நலவாரிய அட்டையோடு வருவார்கள். பொள்ளாச்சி, தாராபுரம், கோபி என்று காட்டுப் பக்கம் போனால் கூட்டுப் பட்டா, வண்டித்தடம், கிணற்றுப் பங்கு, இறந்துபோன தாத்தா பெயரிலேயே நிற்கும் மோட்டார் மின் இணைப்பு. எல்லா ஊருக்கும் பொதுவானவை சில உண்டு: நின்றுபோன முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, குழுக்கடன் வசூல்காரரின் மிரட்டல், ஏமாந்த சீட்டுப் பணம், வீட்டுக்குள் அடி உதை.

மையம் செய்வது மூன்று காரியம். வந்தவர் கையில் உள்ள தாளைப் படித்துச் சொல்வது, இருக்கிற வழிகளை விளக்குவது, மனுவோ படிவமோ எழுத உதவுவது. எந்த வழியில் போவது என்ற முடிவு வந்தவருடையது. "நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்பார்கள். அப்போதும் ஒவ்வொரு வழிக்கும் ஆகும் காலம், செலவு, இடைஞ்சல் மூன்றையும் சொல்லிவிட்டு அவர் முடிவுக்கு விட்டுவிட வேண்டும்.

சட்டம் படித்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. தமிழில் பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதவும், அரசாங்கக் கடிதத்தை வரி வரியாகப் படிக்கவும், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருக்கவும் தெரிந்தால் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்த்தவர்கள், வீட்டிலிருக்கும் பெண்கள் எல்லோரும் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துவார்கள். வழக்கறிஞர்களும் வேண்டும்தான், ஆனால் அவர்கள் வாரத்தில் சில மணி நேரம் வந்து சிக்கலான கோப்புகளைப் பார்த்துக்கொடுத்தாலே போதும்.

என்னென்ன வேலைக்கு ஆள் தேவை?

வாசலில் டோக்கன் கொடுத்து, வந்தவர் எதற்காக வந்தார் என்று 2 நிமிடத்தில் கேட்டுப் பதிவேட்டில் எழுத ஒருவர். உள்ளே உட்கார்ந்து விவரம் கேட்கிறவர்கள். படிவம் நிரப்பி இணையத்தில் ஏற்றுகிறவர்கள். முன்பு வந்துபோனவர்களுக்குப் போன் செய்து மனு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்க ஒருவர். இந்தக் கடைசி வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதே இல்லை. மனு கொடுத்ததோடு காரியம் முடிந்தது என்று வந்தவர் நினைத்துவிடுவார். 30 நாள் கழித்து ஒரு போன் போகாவிட்டால் பாதி மனுக்கள் கேட்பாரற்றுக் கிடக்கும். வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் இது வசதி.

இந்தி தெரியும், தமிழ் எழுத வராது. சேரலாமா?

கட்டாயம் வாருங்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்து பனியன் கம்பெனியிலும் நூல் மில்லிலும் வேலை செய்கிறவர்கள் சம்பள பாக்கி, விபத்து இழப்பீடு என்று வரும்போது மொழிதான் முதல் தடை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர் சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்க்க வேண்டும். சுருக்கவும் கூடாது, உங்கள் கருத்தைச் சேர்க்கவும் கூடாது. அவரைக் கூட்டிவந்த மேஸ்திரியையோ ஒப்பந்தக்காரரையோ மொழிபெயர்ப்பாளராக வைக்கவே கூடாது. புகாரே அவர் மேல் இருக்கலாம்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் தர வேண்டும்? எந்த நாள்?

வாரம் 3 மணி நேரம், தொடர்ந்து 6 மாதம். இதற்குக் குறைந்தால் பயிற்சிக்கு ஆன நேரமே வீண். திருப்பூர் பக்கம் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. அதனால் ஞாயிறு காலைதான் கூட்டம். ஒன்றரை சிப்டு பார்க்கிறவர்களுக்கு வேறு நாளே கிடையாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இருப்பதால் ஞாயிறு எழுதிய மனு மறுநாளே கையில் போகும். வாரநாளில்தான் வர முடியும் என்றால் இணையப் பதிவும் போன் வேலையும் இருக்கிறது.

சேரும்போது என்ன கேட்பீர்கள்?

18 வயது முடிந்திருக்க வேண்டும். ஒரு பக்க விண்ணப்பம், அடையாள அட்டை நகல், உறவினர் அல்லாத இரண்டு பேரின் பெயர், ரகசியம் காப்பதாக ஒரு உறுதிமொழி. வீடுகளுக்குப் போகிறவர்களிடமும் குழந்தைகள் வரும் இடத்தில் உட்காருகிறவர்களிடமும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்போம். யாரையும் சந்தேகப்பட்டு இதைக் கேட்பதில்லை. பத்திரமும் பாஸ்புத்தகமும் நம்மை நம்பிக் கைமாறும் இடம் இது.

பயிற்சி எப்படி இருக்கும்?

முதல் 4 வாரம் அனுபவப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது மட்டும். அடுத்த 4 வாரம் நீங்கள் பேசுவீர்கள், அவர் கூட இருப்பார். அதன் பிறகு தனியாக. ஆனால் நீங்கள் எழுதிய ஒவ்வொரு குறிப்பையும் இன்னொருவர் அன்றே படித்துப் பார்ப்பார், அனுபவம் 10 வருடம் ஆனாலும் இதில் மாற்றமில்லை. காலக்கெடு தவறினால் வந்தவருடைய உரிமையே போய்விடும். நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இரண்டாவதுக்கு 90 நாள். இவற்றை நினைவில் வைத்துச் சொல்லாமல் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துச் சொல்வதே பழக்கமாக வேண்டும்.

ஒருவர் வந்து எதிரில் உட்கார்ந்ததும் என்ன செய்வது?

"வாங்கம்மா, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா? என்ன விசயமுங்க?" அவ்வளவுதான். பிறகு 5 நிமிடம் நீங்கள் பேசக்கூடாது. "கம்பெனிக்காரரு பணம் தரமாட்டீங்கறாருங்க" என்று ஆரம்பிப்பார். அதற்குள் நீங்கள் பி.எஃப். என்று முடிவுகட்டினால், அவர் சொல்ல வந்தது கடைசி மாதச் சம்பளமாக இருக்கும். வந்தவர் முதலில் சொல்வதும் உண்மையான சிக்கலும் பெரும்பாலும் வேறு வேறு.

கேட்டு முடித்ததும் மஞ்சப்பையில் உள்ள எல்லாத் தாளையும் மேசையில் பரப்பச் சொல்லுங்கள். தேதி வரிசைப்படி அடுக்குங்கள். இது எளிய வேலைதான். ஆனால் வருவாய் அலுவலகம் 8 மாதம் முன்பே பதில் அனுப்பியிருப்பதும், அது பிரிக்காமலே பைக்குள் கிடப்பதும் இப்படி அடுக்கும்போதுதான் தெரியவரும். பிறகு மூன்று கேள்வி: கடைசியாக யாரிடம் போனீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், எழுத்தில் ஏதாவது கொடுத்தார்களா? முடிவில் நீங்கள் புரிந்துகொண்டதை அவரிடமே திருப்பிச் சொல்லிச் சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பி.எஃப். விண்ணப்பம் ஏன் இத்தனை முறை திரும்புகிறது?

பெரும்பாலும் பெயரால். ஆதாரில் "செல்வி", பி.எஃப். கணக்கில் "பி.செல்வி", வங்கியில் "செல்வி பழனிசாமி". கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் வீட்டுக்காரர் இனிஷியல். நமக்கு மூன்றும் ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். ஆகவே விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

பி.எஃப். கணக்குகளைச் சேர்க்கும் பொது எண்ணான 12 இலக்க யு.ஏ.என். எத்தனை இருக்கிறது? கம்பெனி மாறும்போதெல்லாம் புது எண் போட்டிருப்பார்கள், ஒருவருக்கே இரண்டு மூன்று இருக்கும். ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் இப்போது அவர் கையில் இருக்கிறதா? பழைய சிம் தொலைந்திருந்தால் முதல் வேலை ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றுவதுதான், மற்றதெல்லாம் அதற்கப்புறம். பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா? இல்லையென்றால் திருத்தத்துக்கு, உறுப்பினரும் கம்பெனியும் சேர்ந்து தரும் கூட்டு அறிவிப்பு தேவைப்படலாம். வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா? கம்பெனி பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி 2 மாதம் கழித்து உறுப்பினரே இணையத்தில் பதியலாம். அந்தத் தேதியைத் தப்பாகப் போட்டால் திருத்துவது பெரும்பாடு. எனவே கடைசிச் சந்தா மாதத்தைப் பாஸ்புத்தகத்தில் பார்த்துவிட்டுப் பதியுங்கள். வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு பழையதா? 2020-ல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் சேர்ந்தன. பழைய குறியீடு கிடக்கும் கணக்குகள் இன்றும் வரும்.

இத்தனைக்கும் மேலாக ஒன்று. படிவம் 10சி நிரப்பி ஓய்வூதியப் பங்கை எடுக்கும் முன், அவருடைய எல்லாக் கம்பெனிச் சர்வீசையும் கூட்டிப் பாருங்கள். மொத்தம் 10 ஆண்டு வந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. நாலு கம்பெனியில் பிரிந்து கிடக்கும் கணக்குகளை ஒன்றாக்கினால் 10 ஆண்டைத் தாண்டுகிறவர்கள் நிறையப் பேர். அவசரச் செலவுக்காகச் சில ஆயிரம் எடுத்து ஆயுள் ஓய்வூதியத்தை இழப்பது கண்முன் நடக்கக்கூடாது. மொத்தம் 10 ஆண்டு வராத ஒருவர் எடுக்கத்தான் வேண்டும் என்று சொன்னால் எடுத்துக்கொடுங்கள். ஆனால் விளக்கிச் சொன்னதைக் குறிப்பில் எழுதிவையுங்கள். இணையத்தில் தீராத சிக்கலுக்கு மாதந்தோறும் 27-ந் தேதி மாவட்டங்களில் பி.எஃப். நிறுவனம் நடத்தும் "நிதி ஆப்கே நிகட்" குறைதீர் முகாம் இருக்கிறது.

மனு எழுதுவது எப்படி?

ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. ஒரு பக்கத்துக்கு மிஞ்சக்கூடாது. பட்டா, உதவித்தொகை, சாக்கடை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது மூன்று அலுவலகங்களுக்கு நடுவில் நின்றுவிடும்.

"ஐயா, நாங்கள் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்" என்று தொடங்கும் மனுவைப் படிக்கிறவருக்கு, என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றாவது பத்தியில்தான் தெரியும். இப்படி எழுதுங்கள்: "எனக்கு வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை ஜூலை முதல் வரவில்லை. வங்கிப் புத்தக நகல் இணைத்துள்ளேன். நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவித்து, மீண்டும் வழங்க உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன்." காரணத்தை எழுத்தில் கேட்பது முக்கியம். கணக்கு செயல்படாமல் போயிருக்கலாம், ஆதார் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம், சரிபார்க்க வந்த அன்று பாட்டி மகள் வீட்டில் இருந்திருக்கலாம். காரணம் தெரிந்தால் தீர்வு ஒரு நாள் வேலை.

நில விஷயமென்றால் வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் நான்கும் இருக்க வேண்டும். உட்பிரிவு எண் விடுபட்ட மனு திரும்பிவிடும். பட்டா எடுத்துப் பார்த்து எழுதுங்கள், வந்தவர் வாய்வழியாகச் சொல்லும் எண்ணை அப்படியே எழுத வேண்டாம்.

மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக்கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். மாநில அரசின் குறைதீர் சேவையான முதல்வரின் முகவரிக்கு 1100-ல் போன் செய்து சொன்னாலும் மனு எண் வரும், அதைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இங்கே பலரும் செய்யும் பிழை "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்பது. அது தகவல் கேட்பதாகாது. "என் மனு இன்ன எண், இன்ன தேதி. அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் தருக" என்று கேளுங்கள்.

சொத்தை மகனுக்கு எழுதிவைத்துவிட்டு நிற்கும் பெரியவர்களுக்கு என்ன வழி?

கொங்கில் இது அடிக்கடி வரும். தோட்டத்தைத் தானசெட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் சொத்தை மாற்றித் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு சோத்துக்கு மகளிடம் போய் நிற்பார்கள். வெட்கத்தில் நாலு தடவை வந்தாலும் விஷயத்தைச் சொல்லமாட்டார்கள். தனி அறையில், கூட வந்த உறவினரை வெளியே உட்காரவைத்துக் கேளுங்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 இரண்டு வழி தருகிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் பராமரிப்புத் தொகை கேட்டு மனுக் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. பிரிவு 23-ன் கீழ் பத்திரத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். இரண்டாவதற்கு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் எழுதிக்கொடுத்தார் என்பது முக்கியம். எனவே பத்திர நகலை முழுக்கப் படியுங்கள், அந்த வரி நடுப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். இல்லாவிட்டால் கைவிரிக்காமல் வழக்கறிஞர் பார்வைக்கு அனுப்புங்கள். பெரியவர் பெரும்பாலும் கேட்பது நிலத்தைத் திருப்பி அல்ல, மாசம் ஒரு தொகையும் மரியாதையும்தான். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

தன்னார்வலர் செய்யவே கூடாதவை எவை?

அசல் ஆவணத்தை மையத்தில் வாங்கி வைக்கக்கூடாது. நகல் எடுத்துவிட்டு அவர் கையிலேயே கொடுங்கள். ஓ.டி.பி.யை அவரே பார்த்து அவரே அழுத்த வேண்டும், கண் தெரியாதவரென்றால் கூட வந்தவர் முன்னிலையில் படித்துக்காட்டி அழுத்துங்கள். அவருடைய கடவுச்சொல்லை உங்கள் போனில் சேமிக்கக்கூடாது, ஆதார் படத்தை உங்கள் வாட்ஸ்அப்பில் வாங்கக்கூடாது. அவருக்காகக் கையெழுத்துப் போடக்கூடாது. நீதிமன்றத்தில் அவருக்காக வாதாட முடியாது. "கட்டாயம் கிடைச்சிரும்" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. பணமோ, பழக்கூடையோ, தோட்டத்துத் தேங்காயோ எதையும் வாங்கக்கூடாது. அன்பாகக் கொடுப்பதை மறுப்பது சங்கடம்தான். ஆனால் தேங்காய் கொடுத்தவருக்கு முதலில் பார்த்தார்கள் என்று வரிசையில் இருப்பவர் நினைத்துவிட்டால் மையத்தின் மீதான நம்பிக்கை போய்விடும்.

எதிர்த்தரப்பு என் பங்காளி வீடாக இருந்தால்?

சின்ன ஊரில் இது நடக்காமல் இருக்காது. பெயரைக் கேட்டதுமே நிறுத்தி, "இவங்க எனக்குச் சொந்தமுங்க, வேற ஒருத்தர் உங்களுக்குப் பார்ப்பாங்க" என்று எழுந்துவிடுங்கள். அதுவரை கேட்டதைக் குறிப்பில் ஏற்றி மூடிவிடுங்கள். விருந்தில், கோயில் நோன்பியில் யாராவது "அவங்க எதுக்கு அங்க வந்தாங்க?" என்று கேட்டால், வந்தார்களா இல்லையா என்பதைக்கூடச் சொல்லக்கூடாது.

ரகசியத்துக்கு விதிவிலக்கு உண்டா?

உண்டு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டம், 2012-ன்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது குற்றம். அதைத் தனியாக முடிவெடுக்காமல் அன்றைய பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். அவசர உதவிக்குப் போன் செய்ய வேண்டிய எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, இணையப் பண மோசடிக்கு 1930. இந்தக் கடைசி எண்ணில் தாமதம் ஆக ஆகப் பணத்தை நிறுத்தும் வாய்ப்பு குறையும். ஆகவே மோசடி என்று தெரிந்த உடனே விவரம் எழுதுவதை விட்டுவிட்டு முதலில் போனைப் போடுங்கள்.

வழக்கு என்று ஆகிவிட்டால் எங்கே அனுப்புவது?

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு. உதவி எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர்கள், மாற்றுத் திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். "வசதியான குடும்பத்துப் பொண்ணு, தரமாட்டாங்க" என்று நீங்களே திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

குழுக்கடன் வசூல் தொந்தரவுக்கு என்ன சொல்வது?

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக்கூடாது. மிரட்டுவதும் சொந்தக்காரர்களிடம் போய்ச் சொல்வதும் கூடாது. வந்த நேரம், வந்தவர், சொன்ன வார்த்தை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், புகாருக்கு அதுவே ஆதாரம். கடன் கட்டவேண்டியது கட்டவேண்டியதுதான் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கல்லூரி மாணவர்கள் சேரலாமா? சான்றிதழ் உண்டா?

சேரலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவைக் கணக்கு வேண்டும், கல்லூரி ஒத்துக்கொண்டால் இங்கே செய்த நேரத்துக்கு எழுதித் தருவோம். தேர்வு மாதத்தில் வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றால் அன்று டோக்கன் வாங்கியவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து வெறுங்கையோடு திரும்புவார்.

சம்பளம்?

கிடையாது. பஸ் செலவும் நகல் செலவும் ரசீது காட்டினால் கிடைக்கும்.

கேட்டதெல்லாம் மனசைப் பாரமாக்கினால்?

ஆகும். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் டீ குடிக்கிற 15 நிமிடம் அதற்காகவே. பெயர் சொல்லாமல் சக தன்னார்வலரிடம் பேசுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தூக்கம் கெட்டால் 2 வாரம் வாசல் வேலைக்கு மாறிக்கொள்ளலாம். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 வந்தவர்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

சேர வருகிற அன்று என்ன கொண்டுவர வேண்டும்?

அடையாள அட்டை நகல், ஒரு நோட்டு, நீல மையில் எழுதும் பேனா. கறுப்பு மையில் கையெழுத்துப் போட்டால் எது அசல், எது நகல் என்று தெரியாது. படிக்கிற கண்ணாடி போடுகிறவர்கள் அதை மறக்க வேண்டாம், பழைய பத்திர நகலில் எழுத்து பொடியாகத்தான் இருக்கும்.